கண்ணோரத்துப் பாசி

ஜூன் 3

என் மகராணிக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதோ இல்லையோ, விசாரிக்கிறேன். நீயும் சுண்டுவும் சௌக்கியமா? போனில் பேசினால் என் நாக்கு குழறுகிறது. "மறுபடியும் தண்ணியா?" என்று கேட்டு நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நாக்கும் இல்லை, வாடையும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. கடையில் என்னை வெட்டுமேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன வாரம் ஒரு கோட்டுத் துணியில் சாக்பீஸ் கோடு போட்டேன். தோளிலிருந்து இடுப்பு வருவதற்குள் அது நாலு ஊர் சுற்றிவிட்டது. அந்தக் கோட்டிலேயே வெட்டியும் விட்டேன். "மாஸ்டர், கட்டிங் பண்ணச் சொன்னா கட்டிங் போட்டுட்டு வர்றீங்களே" என்றார் முதலாளி. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயோரம் எச்சில் வழிந்தது. அதற்கு இன்னொரு தடவை சிரித்தார்கள். இப்போது பட்டன் தைக்கிறேன்.

சுண்டு தலையில் அடித்துச் சொல்கிறேன், நான் ஒரு சொட்டு தொடுவதில்லை.

உன்,
கட்டிங் மாஸ்டர் (கத்தரிக்கோல் மட்டும்)


ஜூன் 14

சுண்டு அப்பாவுக்கு,

முதலில் ஒன்று. என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யாதீர்கள். செய்வதென்றால் உங்கள் தலை இருக்கிறது.

கடிதம் கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. அக்கா கண்ணாடி போட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, "இதையும் போட்டுட்டுத்தான் எழுதினாரா?" என்று கேட்டாள். உங்கள் அண்ணன் கதை தெரிந்தவள் நான். முப்பது வயதில் வயிறு வீங்கிப் போனார். "குடிச்சே செத்தான்" என்று பெற்ற அம்மாவே சொன்னார்கள். அதே நடுக்கம், அதே குழறல், சும்மாச் சும்மா வரும் அதே கோபம். நீங்கள் சாப்பாட்டுத் தட்டை விட்டெறிந்த அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. பயந்துதான் வந்தேன், வெறுத்து வரவில்லை.

இங்கே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை. சோப்பு போட்டுக் கழுவினால் போதாதாம். அமிலத்தில் ஊறப்போட்டு, சுத்திகரித்த நீரில் ஐந்து தடவை அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் துளி செம்பு ஒட்டியிருந்தால்கூட இங்கே தலைமை பார்க்கும் டாக்டரம்மாவின் கணக்கு தப்பிவிடும். உடம்பிலுள்ள புரதங்கள் உலோகத்தை எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று ஆராய்கிறார்கள். எனக்குக் கழுவத்தான் தெரியும்.

சுண்டு உங்களை வரைந்தாள். கண்ணில் கருவட்டத்தின் ஓரமாகப் பச்சை வளையம் போட்டிருந்தாள். "கண்ணுக்கு எதுக்குடி பச்சை?" என்று கேட்டால், "அப்பா கண்ணு ஓரத்துல பாசி இருக்கும்மா" என்கிறாள். அழித்துச் சரியாகப் போடு என்று திட்டினேன். அழிக்க மாட்டேன் என்று அழுதாள். பிடிவாதம் உங்கள் பக்கத்துச் சொத்து.

இப்படிக்கு,
சுண்டு அம்மா


ஜூன் 27

மகராணிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். ஒரு வரி எழுத ஐந்து நிமிடம் ஆகிறது.

அண்ணன் கடைசியாக இருந்த ஆறு மாதமும் நான் அவனோடு ஒரே அறையில் படுத்தவன். ஒரு பாட்டிலைக்கூடப் பார்த்ததில்லை. "நான் குடிக்கலடா, நீயாவது நம்புடா" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் சொன்னது நிஜமோ பொய்யோ தெரியாது. இப்போது அதே வார்த்தையை நான் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். ஊரே சிரிக்கிறது.

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நேற்றோடு வேலை போயிற்று. இனி எழுத மாட்டேன். சுண்டுவிடம், அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று சொல்.

— நான்


ஜூலை 5

அன்புள்ள சுண்டு அப்பாவுக்கு,

இதை வாசித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காரணத்தைப் போகும் வழியில் வாசியுங்கள்.

நேற்று டாக்டரம்மா புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் குடுவைத் தட்டோடு உள்ளே போனேன். திரையில் ஒரு கண். கருவட்டத்தின் ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம். தட்டு கையைவிட்டு நழுவி ஆறு குடுவை உடைந்தது.

செம்பு கொஞ்சம் எல்லார் உடம்புக்கும் வேண்டுமாம். ஆனால் அதைத் தனியாக அலையவிடக் கூடாதாம். கையைப் பிடித்துக் கூட்டிப் போகவென்றே சில புரதங்கள் இருக்கின்றன. கல்லீரலில் மிச்சச் செம்பை வெளியே அனுப்பும் புரதம் சிலருக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்கும். செம்பு முதலில் கல்லீரலில் சேரும், பிறகு மூளையில், கண்ணோரத்தில். கை நடுங்கும், நாக்கு குழறும், குணம் மாறும். பார்ப்பவர்கள் குடி என்பார்கள்.

சுண்டுவின் படத்தையும் மூன்றாவது வரியிலேயே எழுத்து வளைந்து போகும் உங்கள் இரண்டு கடிதங்களையும் காட்டினேன். "பிள்ளை போட்ட படத்தை வெச்சு நோய் சொல்ல முடியாதும்மா" என்றார்கள். பிறகு கடிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்கள். "ஆனா உடனே போகச் சொல்லு. அதுவாவே இருந்தா மருந்து இருக்கு."

கண் டாக்டர் பார்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் பாட்டிலிலேயே சேருங்கள். உங்களைப் பாட்டிலைத் தொடச் சொல்லி நானே கெஞ்சும் நாள் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

போங்கள். தயவுசெய்து போங்கள்.

உங்கள்,
சுண்டு அம்மா


ஜூலை 24

மகராணிக்கு,

நர்ஸம்மா எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. சுண்டு சொன்ன பாசி இருக்கிறது. இரண்டு கண்ணிலும். கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "இதை முதல்ல யார் பார்த்தாங்க?" என்றார். "என் பொண்ணு, ஏழு வயசு" என்றேன். அவர் இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டு அதையும் சொன்னார்.

ஆக, என் தலையில் இருப்பது களிமண் இல்லை, செம்பு. உன் அக்காவிடம் சொல்லிவிடு. செம்பைப் பிடித்து வெளியே இழுக்கும் மாத்திரை, வெறும் வயிற்றில், ஆயுசு முழுக்க. முதலில் கொஞ்சம் மோசமாகலாம், பிறகுதான் தேறும், பொறுமை வேண்டும் என்றார்கள். சாக்லேட்டிலும் செம்பு உண்டாம், அதனால் கூடாதாம். சுண்டுவின் பங்கு இனிப் பத்திரம்.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்கள். அண்ணனைச் சொன்னேன். "அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். இப்ப உறுதியாச் சொல்ல வழியில்ல" என்றார் டாக்டர். என் தங்கையையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் போன் செய்தேன். என் குழறலைப் பொறுத்துக் கேட்டாள். "அப்ப என் பெரிய புள்ள குடிக்கலையா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்புறம் போனை யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள்.

— மாஸ்டர்


ஆகஸ்ட் 6

அன்புள்ளவருக்கு,

கண்ணுக்கே தெரியாத செம்பைக் கழுவிக் கழுவிச் சுத்தம் பண்ணுகிறவள் நான். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரின் கண்ணில் இருந்தது தெரியவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசியிருந்தால்தானே தெரியும்? கையைத்தான் பார்த்தேன், நடுங்குகிறதா என்று.

மன்னிப்பை எழுத்தில் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. வரவா? ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

உங்கள்,
மகராணி


நவம்பர் 30

மகராணிக்கு,

இது என் கை. ஒரு பக்கம் எழுத முழுக் காலைநேரம் ஆனது, ஆனாலும் என் கை.

பதில் எழுதாததற்குக் கை மட்டும் காரணம் இல்லை. கோபமும்தான். ரத்தப் பரிசோதனை சொன்ன பிறகு நம்புவது என்ன பெரிய நம்பிக்கை என்று மூன்று மாதம் மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். சண்டையில் ஒவ்வொரு தடவையும் அண்ணன் வந்து நடுவில் நின்றான். நானும் அவனை நம்பவில்லையே. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி இல்லை. என்னிடம் கேட்க உனக்கு இருக்கிறது. அதை எதற்கு அடைத்து வைக்க வேண்டும்?

முதலாளி வந்து பார்த்தார். "மாஸ்டர், மேசை காலியாத்தான் இருக்கு" என்றார். தை மாதம் பார்க்கலாம் என்றேன்.

இதோடு ஒரு துணி இருக்கிறது. சுண்டுவுக்குக் கவுன். வெட்டியது நான்தான். சாக்பீஸ் கோட்டை அழிக்காமல் அனுப்புகிறேன், இடது பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கும். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியாததால் ஓரத்தில் நாலு விரல் கூடுதலாக விட்டிருக்கிறேன். அங்கே யாரிடமும் கொடுத்துத் தைத்துவிடாதே.

அளவெடுக்க ஆள் நேரில் வர வேண்டும். இரண்டு பேரும்.

உன்,
கட்டிங் மாஸ்டர்