மூன்றாம் ஓலைக்கு முன்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
29-4-52

அன்பு மகள் மதலேனுக்கு அம்மா எழுதறது. மாதா காவல்ல நானும் அப்பாவும் கைகால் சுகமா இருக்கோம், பம்பாயில உன் உடம்பு எப்படி, நர்சு படிப்பு படிப்புன்னு தலைக்கு எண்ணெய் வைக்காம கெடக்கிறியா. உன் கடுதாசி வந்தது. ஹார்பர்ல அடிபட்டாலும் தவசிமுத்துதான் எனக்குப் புருசன், கொடுத்த வாக்கு வாக்குதான்னு எழுதியிருந்தே. நீ சொன்னபடியே கோயில்ல சாமியார் உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லிக் கலியாண ஓலை ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. ஆட்சேபணை இருந்தா மூணாவது ஓலைக்குள்ள சொல்லணும். சொல்லிடறதுன்னுதான் நான் இருந்தேன். கோவப்படாம மிச்சத்தையும் படி.

கிரேன் கொக்கி நெத்தியில அடிச்ச காயம் வெளியே ஆறிப்போச்சு. நடக்கிறான், சாப்பிடறான், பாடக்கூடப் பாடறான். ஆனா ஆஸ்பத்திரி டாக்டர் அவன் அம்மாவைத் தனியா கூப்பிட்டு, மனுசனுக்குப் பொறுமை, அடக்கம் எல்லாம் நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளையிலதான், அங்கே அடிபட்டா ஆளே மாறிடுவான், பழைய குணம் திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னாராம். நாய் குறுக்கே படுத்திருந்தா எழுப்பாம சுத்திக்கினு போற புள்ளைடி அவன். அந்தக் குணம் இம்மாத்தூண்டு சதையிலயா இருந்தது? போன வாரம் ராத்திரி குழம்புல உப்பு தூக்கல்னு சட்டியை அவன் அம்மா மேலயே வீசிட்டான், புருவம் கிழிஞ்சு தையல். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே வந்து, இன்னாம்மா நெத்தியில கட்டு, யார் அடிச்சதுன்னு கேட்டானாம்.

அதான் கலியாணத்தை நிறுத்திடலாம்னு பேச நேத்து காலையில அவங்க வூட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவன் என்னை ஓரமா இட்டுக்கினு போய், அத்தே, சாமியார்கிட்ட சொல்லி ஓலையை நிறுத்துங்க, மதலேன் மேல கை வச்சிடுவேன், வச்சதுகூட எனக்கு ஞாபகம் இருக்காது, அவ மட்டும் ஞாபகம் வச்சிக்கினு அழுவாளேன்னு சொன்னான். நான் கேக்கப் போனதைத்தான் அவனும் கேட்டான், சரின்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. டாக்டர் சொன்னதும் பொய்யில்லை, நாய்க்கு ஒதுங்கிப் போன அந்தப் பழைய குணம்தான் என்கிட்ட பேசினதுங்கறதும் பொய்யில்லை, நான் எதை நம்பறது மகளே? வழி பூரா அழுதுகினே வந்தேன்.

ஓலையை நிறுத்தலை. நீ வர்ற வரைக்கும் மூணாவதை வாசிக்க வேணாம்னு மட்டும் சாமியார்கிட்ட சொல்லியிருக்கேன். லீவு கேட்டு வா. கட்டிக்கிறேன்னாலும் வேணாம்னாலும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், ஊர் வாயை நான் பாத்துக்கறேன். ஆனா அவன் கேட்டதுக்குப் பதிலை அவன் முகத்தைப் பாத்து நீதான் சொல்லணும்.

திரு இருதய ஆண்டவர் உன்னை ஆசீர்வதிச்சு வழித்துணையா வரட்டும். ரயில்ல பொம்பளைங்க பெட்டியில ஏறு. மறந்துடாதே, அவனைப் பாக்கக் காலையிலேயே போவணும், பொழுது சாய்ஞ்சா அவன் வேற ஆளாயிடறான்.

இப்படிக்கு உன் அம்மா
சிலுவையம்மாள்