வாசமில்லாத சட்டை

தூத்துக்குடி

அன்பு மகள் செல்வராணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பேரப்பிள்ளையும் மஸ்கட்டில் நல்ல சுகத்தோடு இருக்கத் திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போன வாரம் போனில், அண்ணன் அனுப்பிய பிரஷர் மாத்திரையை இனித் தொடாதே, உடனே அங்கே டாக்டரைப் பார்த்து வேறு வாங்கு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஏன் ஏன் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். பேச ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதி, காயல்பட்டினத்திலிருந்து அங்கே வருகிற நம் வாடிக்கைக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன் மகாராஜன் ஜெயிலில் இருக்கிறான். பிடித்துக் கொடுத்தது நான்தான். இது வேறு யார் வாயாலும் உனக்கு வரக்கூடாது.

அப்பா போன பிறகு நம் கற்பூர வியாபாரம் படுத்துவிட்டது உனக்குத் தெரியும். வில்லை அடிக்கிற மெஷின் பின்கட்டில் சும்மா கிடந்தது. கொஞ்ச நாளாக மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது, ஆர்டர் வந்திருக்கிறது என்றான், எனக்கும் சந்தோஷம்தான். ஒருநாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். வெள்ளைப் பொடி அப்பியிருக்கிறது, ஆனால் வாசமே இல்லை. நம் வீட்டுத் துணியில் எத்தனை தண்ணீரில் அலசினாலும் கற்பூர வாசம் போகாதே, பள்ளிக்கூடத்தில் உன்னைக் கற்பூரம் என்றே கேலி செய்வார்களே. பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன், மெஷினில் புது அச்சு மாட்டியிருந்தது. தட்டில் கிடந்த வில்லையின் நடுவே ஒரு கோடு. விரலால் அழுத்தினேன், சரிபாதியாக உடைந்தது. அப்பாவுக்குத் தினமும் காலையில் பாதி மாத்திரை உடைத்துக் கொடுத்தவளுக்கு அது என்ன என்று தெரியாதா? கற்பூரத்தை யார் பாதியாக உடைத்து ஏற்றுகிறார்கள்?

கேட்டதும் அவன் மறைக்கவில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரன் பொடியும் அச்சும் கொண்டுவந்தானாம், இவன் அடித்துக் கொடுத்தானாம். வெறும் சுண்ணாம்புப் பொடிதாம்மா, யாருக்கும் ஒண்ணும் செய்யாது என்றான். மூலையில் கிடந்த அட்டையில் பேரைப் பார்த்தேன். நீ சாப்பிடுகிற மாத்திரை. அதை அவனிடம் நீட்டி, தங்கச்சிக்கு எங்கே வாங்கி அனுப்பினாய் என்று கேட்டேன். இங்கன கடையிலதாம்மா என்று சொன்னவன் முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். எந்தக் கடைக்கு எது போனது என்று அவனுக்கே தெரியாது. மாத்திரை போட்டும் தலை சுற்றுகிறது, பிரஷர் இறங்கவில்லை என்று நீ சொன்னபோதெல்லாம், உப்பைக் குறைக்கவில்லை என்று உன்னைத்தானே ஏசினேன். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நம்பி இன்னும் எந்தெந்த வீட்டில் சாப்பிடுகிறார்களோ என்று, உனக்குப் போன் செய்த கையோடு மருந்து இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனேன்.

ஈவாஞ்சலின் என்று ஒரு பெண். இந்த மெஷின் யார் யார்ட்ட இருக்குன்னு எங்களுக்கே தெரியாதும்மா, வாங்கும்போதும் விக்கும்போதும் யாரும் சொல்லுததில்ல என்றாள். இப்போது கற்பூரம் அடிக்கிறவர்கள் எல்லாரும் மெஷினையும் அச்சையும் அரசாங்கத்தில் பதியவேண்டும் என்று அவள் ஆபீஸ் ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள். அடுத்த தெரு முப்பிடாதி அண்ணாச்சி, ஒருத்தன் செஞ்ச வேலைக்கு நாங்க எல்லாரும் அலையணுமாக்கும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். முன்னாலேயே பதிந்திருந்தால் அந்த வெளியூர்க்காரன் நம் வாசலை மிதித்திருப்பானா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன் அண்ணி, பெத்த தாய் செய்யுத வேலையா இது என்று கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரலுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்தான்.

நேற்று ஜெயிலுக்குப் போனேன். ஏசுவான் என்று நினைத்தேன், ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். குனிந்தே நின்றான். நேரம் முடிந்தது என்று போகச் சொன்ன பிறகுதான், தங்கச்சி அந்த மாத்திரைய நிறுத்திட்டாளாம்மா என்று கேட்டான். நிறுத்திட்டாப்பா என்றேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கவேண்டும் தாயே. மருமகனிடம் இதையெல்லாம் மெதுவாகச் சொல். டாக்டர் பார்த்து, பிரஷர் இறங்கிவிட்டது என்று சொன்னதும் எனக்கு மறக்காமல் போன் பண்ணு. அடுத்த முறை போகும்போது அவனிடம் சொல்வதற்கு எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

உன் அம்மா,
நயினார் சீனித்தாய்