இரண்டு பேர் திருத்திய விண்ணப்பம்

அன்புள்ள உனக்கு,

ஆழ்ந்த யோசனைக்குப் பிறகு ஒரு பெரிய முடிவு எடுத்தேன். கல்லூரி வேலைக்கான விண்ணப்பக் கடிதத்திலிருந்து 'பணிவுடன்' என்ற சொல்லை நீக்கிவிட்டேன். நான் நலம். உன் கழுத்து வலியும் பாப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

முதலில் எங்கள் பேராசிரியர்தான் படித்தார். "என்னப்பா, கடன் கேக்கிற மாதிரி குழையிறே? செஞ்சதை நிமிர்ந்து சொல்லு" என்று ஒரு வாக்கியத்தை அவரே எழுதிச் சேர்த்தார். நிமிர்ந்தேன். ஆய்வறையில் எதிர் மேசை சீனியர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ வேலை கேக்க வந்தியா, குடுக்க வந்தியா?" என்றார். குனிந்தேன்.

பாதி நிமிர்ந்து பாதி குனிந்த கடிதத்தை மறுபடி பேராசிரியரிடம் காட்டியதுதான் தவறு. தாம் எழுதிய வாக்கியத்தையே அடித்துவிட்டு, "இதை எவன்டா எழுதினான்?" என்றார். சொல்ல முடியுமா? சிபாரிசுக் கடிதமும் அவர்தானே தரவேண்டும்! நான்தான் என்றேன்.

இந்த வேலை கிடைத்தால்தான் உங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ள முடியும். அதனால் ஒரு கமா போடவும் நாலு முறை யோசித்தேன். அடித்து அடித்து எழுதினேன்.

நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அனுப்பு. புதிது வேண்டாம். பாப்பா கிறுக்கிய தாள் ஏதாவது இருந்தால் கூடவே வை, அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது. அரிசி வேகக் குக்கரில் எத்தனை விசில் விடவேண்டும் என்றும் எழுது.

நூலகத்தில் விளக்கை அணைக்கிறார்கள், முடிக்கிறேன். நான் திருத்தி முடிப்பதற்குள் விண்ணப்பத்தின் கெடு முடிந்துவிட்டது. பாப்பாவை அங்கேயே அடுத்த வகுப்பில் சேர்த்துவிடு.