இரண்டு வரிசையும் ஒரே மஞ்சள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே பாதியில் கண்டுபிடித்து, நீயே என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அத்தான் பக்கத்தில் இருக்கும்போது படி.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. மாடி அறைக்கு மாறிவிட்டேன், குழாயில் வெந்நீர் வருகிறது. செருப்பு போட முடியாத அளவுக்கு உன் கால் வீங்கியிருப்பதாக அத்தான் சொன்னார். நீ என்னிடம் சொல்லவில்லை.

என் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டே இருப்பாய். உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றையொன்று உதவிக்குக் கூப்பிட ஒரு புரதத்தை ரத்தத்தில் விடும். உனக்கு அந்தக் கூப்பாடு ஓயாததால்தான் சிறுநீரகம் அடிவாங்குகிறது. அதே நோய் உள்ள எலிகளுக்கு எங்கள் புது மருந்தைக் கொடுத்து, ரத்தம் எடுத்து, அதில் தெளியும் நீரைச் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு அந்தப் புரதத்தை அளப்பேன். புரதம் அதிகமென்றால் குழி அடர்ந்த மஞ்சளாகும். குறைவென்றால் வெளிறிப்போகும்.

நாலு மாதம் முன்பு மருந்து கொடுத்த எலிகளின் வரிசை கிட்டத்தட்டத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. தலைகால் புரியாமல் அன்றே உனக்குப் போன் செய்தேன். அதை நம்பித்தான் டாக்டர் சொன்ன கடுமையான மருந்தை நீ வேண்டாமென்றாய். அது குழந்தை பெறும் வாய்ப்பை அழித்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். "உன் மருந்து வர்ற வரைக்கும் தாங்கிப்பேன்டி" என்றாய். மருந்து எலிக்குக் கேட்டாலும் மனிதர் கைக்கு வரப் பல வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

சென்ற வாரம் புது ரத்தத்தில் மறுபடி அளந்தேன். மருந்து கொடுத்த வரிசை, கொடுக்காத வரிசை, இரண்டும் ஒரே மஞ்சள். மூன்று முறை செய்தும் அதேதான். பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். மருந்து கொடுத்த எலிகளின் ரத்தப் பெட்டியை மட்டும் உறைபெட்டியில் வைக்காமல் பத்து நாள் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. புரதம் மருந்தால் குறையவில்லை அக்கா, கெட்டுப்போயிருக்கிறது.

ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சரிம்மா, இத்தோட நிறுத்திக்கலாம். இனி எலி வேணாம்னு சொல்லிடு" என்றார். எலிகளைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் எலிமாமா என்போம். அவரிடம் சொன்னேன். கூண்டு கழுவப் போய்விட்டார்.

நேற்று உன் டாக்டரிடம் பேசினேன். சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டதாம். அந்த மருந்தை அப்போதே ஆரம்பித்திருந்தால் என்று கேட்டேன். இப்போது ஆரம்பித்தாலும் மிச்சம் இருப்பது நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

ஆனாலும் திங்கட்கிழமை போய் அந்த மருந்தை ஏற்றிக்கொள் அக்கா. வேறு வழி என்னிடம் இல்லை. என்னைத் திட்டு, திட்டுவதற்காவது போன் செய். எனக்கு நீ இருந்தால் போதும் என்று எழுத எனக்கு உரிமையில்லை. இருந்தும் எழுதுகிறேன். எனக்கு நீ இருந்தால் போதும்.

உன்,
வாலு