ரேகை இல்லாத விரல்

8 ஜூலை
கிளாம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்ட் திறந்து தாம்பரத்தில் கூட்டம் குறைந்த மறு வருஷம் இது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுத்து தெரியாது.

பம்மலில் எங்கள் தோல் தொழிலாளர் சங்கத்து கிளினிக்குக்கு மூச்சு மருந்து வாங்கப் போனேன். புதிதாக ஒரு மெஷின். பெருவிரலை வைத்தால்தான் உறுப்பினர் என்று ஒப்புக்கொள்ளுமாம். ஏழு தடவை வைத்தேன். சிவப்பு. சிவப்பு. முப்பது வருஷம் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் கைவிட்டவனுக்கு ரேகை எங்கே இருக்கும்?

பின்னால் சௌகத் அலி. சங்கத் தேர்தலில் எனக்கு எதிராக நின்றதிலிருந்து பதினொரு வருஷமாகப் பேச்சில்லை. சுவரைப் பார்த்துச் சொல்கிறான்: "கைநாட்டுக்கு இப்போ கைநாட்டும் பூட்ச்சு!"

அவனுக்கும் சிவப்புதான். மனசு கொஞ்சம் ஆறியது. மருந்து கிடைக்கவில்லை.

11 ஜூலை
செயலாளர் ஜெயவேலுவிடம் கத்தினேன். "நா இன்னா பண்றது துளசிங்கம்? ஆள் யாருன்னு பாக்குற வேலைய வெளிக் கம்பெனிக்கு வுட்டாச்சு. ரேகை இல்லாதவனுக்கு அவன் சாஃப்ட்வேர்ல எடமே இல்லன்றான்."

அப்போ நான் யாரு? பேஜார்!

15 ஜூலை
சங்கக் கூட்டம். என்னோடு குழியில் வேலை செய்த ராஜகோபாலன் மகள் தீபலட்சுமி கோவிலம்பாக்கத்திலிருந்து வந்தது; கம்ப்யூட்டர் வேலை.

"ஆள் யாருன்னு பாக்குறத நம்மளே செஞ்சு வச்சா ரூல் நம்மளது, பெரியப்பா. ஆனா திருடன் பூந்தா பதிலும் நாமதான் சொல்லணும். கம்பெனின்னா அவன் பாத்துப்பான்."

"இன்னாத்த பாத்தான்? என் மூஞ்சியக் கூட பாக்கலியே!"

இரண்டு மணி நேரம் சண்டை. கடைசியில் நாமே செய்வது என்று முடிவானது. கூட வேலை செய்த ஒருவர் நேரில் வந்து "இவர்தான்" என்று சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கொரு ரகசிய நம்பர், நாலே எண். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவனுக்கு நாலு எண் பெரிசா?

வெளியாள் நுழைந்துவிடக் கூடாதே — சாட்சி சொல்கிறவன் அதே குழியில் அதே வருஷம் சேர்ந்தவனாக இருக்கணும் என்று எழுந்து சொன்னவன் நான்தான். கை தட்டினார்கள்.

18 ஜூலை
வீட்டில் மிச்சமிருந்த மருந்தும் தீர்ந்தது. மாடிப்படியில் மூன்று தடவை உட்கார்ந்தேன்.

22 ஜூலை
கிளினிக். தீபலட்சுமி கவுண்டரில்.

"உங்களுக்கு யார் சாட்சி, பெரியப்பா?"

எமர்ஜென்சி வருஷம் மூன்றாம் குழியில் சேர்ந்தது என்னையும் சேர்த்து ஐந்து பேர். விரலை மடக்கினேன். சவுரிமுத்து — பெருவெள்ளம் வடிந்த வாரம் போனான். ராஜகோபாலன் — கொரோனா. அவன் பெண்ணிடமே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஷாகுல் — இந்த ரம்ஜானில்.

"செத்தவங்க பேரு செல்லாதாம்மா?"

"செல்லாது பெரியப்பா."

"ரூலை மாத்தினா?"

"நீங்க போட்டது. எல்லாரும் கை தட்டினாங்களே."

மூச்சு வாங்கியது. வெளியே பெஞ்சில் ஒருவன் காலையிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவன் கையிலும் மருந்து இல்லை.

"பேரச் சொல்லுங்க பெரியப்பா. கூப்பிடறேன்."

நீ கூப்பிட வேண்டாம் என்றேன். எழுந்து வாசலுக்குப் போய் நானே கூப்பிட்டேன்.

சௌகத் அலி.