கிணற்றடி மூலை

அன்புள்ள சந்திரவதனாவுக்கு,

நான் சுகம். உமது முழங்கால் நோ எப்படி? இது பிறர் எழுதித் தந்ததல்ல. இங்கே கனடாவில், அஜின்கோர்ட் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்து, முழுவதையும் நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. அவ்வளவு சந்தோசம்.

பேத்தி அட்சயா தொல்லியல் படிப்புக்காக அயர்லாந்தில் உழுது மாடு வளர்த்த கமக்காரர் வாழ்ந்த ஒரு குடியிருப்பைத் தோண்டிவிட்டு வந்து படங்கள் காட்டினாள். ஆயிரத்து முந்நூறு வருடப் பழசு. வட்டமாக மண் அணை, உள்ளே வீடும் மாடும்.

“உங்கட வளவு மாதிரித்தான் அம்மப்பா, வேலிச்சண்டைதான் இல்லை.”

நானும் சிரித்தேன். அடுத்த படத்தில் அணையோரம் ஒரு கைக்குழந்தையின் எலும்புகள்.

“கையாலதான் தோண்டினம். மெசின் போயிருந்தா ஒண்டும் மிஞ்சியிராது” என்றாள்.

அன்றைக்கே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

உமது தம்பி மகன் கஜீவன் எங்கள் வீட்டு வளவில் வீடு கட்ட மண் தோண்டும் மெசின் கொண்டு வருகிறான் என்றீர். கிணற்றடி மூலையில் எங்கள் மூத்த பிள்ளையைப் புதைத்தது அவனுக்குத் தெரியாது. மகள் துர்க்காவுக்கும் நாங்கள் சொல்லவில்லை. உமக்கும் வாய் வராது, அறிவேன். நீர் போனை எல்லாருக்கும் கேட்க வைத்துப் பேசுவீர். அதில் எப்படிச் சொல்வேன்?

அத்திவாரத்தைக் கிணற்றடியை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லும். அந்த மூலையில் நாலு தடி நட்டுக் கயிறு கட்டும். காரணம் கேட்டால் கிழவனுக்குப் பைத்தியம் என்று சொல்லும். அப்போதும் கேட்காவிட்டால் அங்கேயே பாயைப் போட்டு இரும், எழும்ப வேண்டாம்.

இராஜரட்ணம் அண்ணை இன்று ஊருக்குப் பறக்கிறார், வாசலில் கார் நிற்கிறது. இதை உமது கையில்தான் தருவார். வாசித்தவுடன் கிணற்றடிக்குப் போய் நில்லும். அவருக்குத் தேத்தண்ணி பிறகு கொடுக்கலாம்.

உமது
சின்னராசா