அவருடைய வியாழக்கிழமை ட்ரிப்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க: பருப்பு ½ கி., சவர்க்காரம், தேங்காய்.
வீட்டுக்காரர் கொழும்பில் மரக்கறி இறக்கிவிட்டு விடியத்தான் வந்தார். சாப்பிட்டார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மூன்று மாதமாக இப்படித்தான், என்னைத் தொடுவதே இல்லை. கேட்டால், "லொறி ஓட்டி இடுப்பு வலி." ஃபோனுக்குப் பூட்டு வேறு. முன்பு கிடையாது.

ஜூன் 6, வெள்ளி
நேற்று ட்ரிப் என்று போனவர். இன்று கந்தப்பளை டவுனில் லொறி முதலாளியின் மனைவி, "நேத்து லொறி எங்கயும் போகலயே தங்கச்சி" என்கிறார்.
மாலையில் பக்கத்து லயத்து வீட்டு மேரி அக்கா: "ஒங்க வீட்டுக்காரர நேத்து ஆஸ்பத்திரியில பார்த்தேன். புள்ளத்தாச்சிங்க போற பக்கம்."
எவளுக்குப் பிள்ளை? கல்யாணமாகி நான்கு வருடம், எனக்கு இல்லை.
கறிக்கு உப்புப் போட மறந்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் சந்தேகம்தான்.

ஜூன் 12, வியாழன்
மறுபடி "ட்ரிப்". அடுத்த பஸ்ஸில் நானும். நல்ல பனிமூட்டம்.
ஆஸ்பத்திரியில் அதே பக்கம். பிள்ளை இல்லாதவர்களுக்கான கிளினிக். பெஞ்சில் எல்லாரும் சோடி சோடியாக, அவர் மட்டும் தனியாக. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"எவ வரப்போறா?"
"யாரும் இல்ல. எனக்குத்தான் காட்ட வந்தேன்."
உள்ளே சிங்கள டாக்டர், தமிழ் நன்றாகவே பேசினார். "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"
"ஒன்னு ரெண்டுங்க."
"பொய்ங்க டாக்டர். ஒரு பெட்டி," என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை. புகை இரத்தக்குழாயைக் கெடுக்குமாம். உறுப்புக்கு ரத்தம் சரியாகப் போகாது, எழுச்சி குறையும். விந்தணுவும் குறையும். "விட்டா தேறலாம். மாசக்கணக்காகும். உறுதி சொல்ல ஏலாது." சீனி, பிரஷரும் பார்க்க வேண்டும். எனக்கும் டெஸ்ட்.
பஸ்ஸில் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.
"ஆம்பள இல்லன்னு நெனச்சிருவியோன்னு. ஃபோனப் பூட்டினதும் அதுக்குத்தான்."
இன்னொருத்தி இருந்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு யாரோடு போட?

ஜூன் 17, செவ்வாய்
அன்றிலிருந்து சிகரெட்டே இல்லை என்கிறார். நம்பலாமா? சட்டையை முகர்ந்தேன். டீசல், முட்டைக்கோவா வாடை. லொறி சீட்டுக்கு அடியிலும் தேடினேன். ஒன்றுமில்லை. ஆனால் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். தேத்தண்ணி ஆறிவிட்டதாம், கதவைச் சத்தமாக மூடினேனாம்.

ஜூன் 22, ஞாயிறு
மழை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போனார். தாமதித்துத்தான் வந்தார்.
"கடையடியில ஒன்னு பத்த வச்சேன். பாதியில போட்டுட்டேன்," என்று அவராகவே சொன்னார்.
பாதியா முழுசா என்று பார்த்துவர எழுந்து செருப்பை மாட்டினேன். வாசல்படி வரை போனேன். பிறகு கழற்றிப் போட்டுவிட்டேன்.